மச்சானை மாற்றிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் என் மச்சானை, கூடப் பிறந்த ராத்தாவின் கணவரை, எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத மாப்பிள்ளையை, நுரைச்சோலைக்காரர்களுக்கு மாற்றிக் கொடுத்தவன். பதிலுக்கு அவர்களிடமிருந்து ஒரு ஃபோர்வர்ட் ஆட்டக்காரனை வாங்கினேன். வாங்கிய கையோடு எனக்கு நானே பத்துக்குப் பத்துப் புள்ளியும் போட்டுக்கொண்டேன்.

எல்லாம் பேஸ்போலால் வந்த வினை. (ஓம், அமெரிக்காக்காரர்கள் தடியால் அடிப்பார்களே, அதேதான். புத்தளத்தில் அதை யார் விளையாடுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.) அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தில்லையடியில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் இடையில் கடைக்குள் ஆள் நடமாட்டமே இருக்காது. அப்படி ஒரு மத்தியானம் ஏதோ ஒரு வீடியோவில் மாட்டிக்கொண்டேன். கோட் போட்ட நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அன்றுதான் கடைசி நாளாம். எந்த நிர்வாகம் யாரைக் கொடுத்தது, யாரை வாங்கியது, அது புத்தியா மடமையா என்று அந்த நால்வரும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேஸ்போல் எனக்கு இன்றுவரை விளங்காது. அடித்தவன் ஏன் தடியைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்பதும் தெரியாது. ஆனால் அந்த மார்க் போடும் வேலை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. விளையாடவும் தேவையில்லை, வியர்க்கவும் தேவையில்லை, கதிரையில் சாய்ந்துகொண்டு விளையாடுகிறவர்களை எல்லாம் முட்டாள் என்று சொல்லலாம். இப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கும்போது நான் ஏன் போன் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

எங்கள் ஊரில் பேஸ்போல் இல்லாவிட்டால் என்ன, ஃபுட்போல் இருக்கிறது. கழகங்கள் இருக்கின்றன, கொமிட்டிகள் இருக்கின்றன, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளும் இருக்கிறது. கழகத்து வட்ஸ்அப் குழுவில் வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் பேசி அனுப்பத் தொடங்கினேன். எங்கள் கொமிட்டிக்குப் பத்துக்கு இரண்டு. "தூரநோக்கற்ற முடிவு." அடுத்த முறை பத்துக்கு ஒன்று. "இவர்களுக்கு எண்களை வாசிக்கத் தெரியாது." மூன்றாவது முறை தலைவர் ஹாஜியார் கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, வாயாலயே எல்லாம் ஆடுறாய். இந்த முற மாத்துற வேலய நீயே செய். பாப்பம்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் மார்பை நிமிர்த்தி, "ஓம் ஹாஜியார்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஒரு கொப்பியில் எங்கள் ஆட்டக்காரர்களை எல்லாம் இலக்கங்களாக எழுதினேன். பெயரைப் பார்த்தால் பாசம் வரும், எண்ணை மட்டும் பாருங்கள் என்று அந்தக் கோட் போட்டவர்களில் ஒருவர் சொல்லியிருந்தார். ஊரே நேசித்த ஒரு பழைய ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு இளம் ஆளை வாங்கிய நிர்வாகத்தை அவர் எழுந்து நின்று பாராட்டியதையும் பார்த்திருந்தேன். என் கொப்பியில் வயதும் கூடி, வேகமும் குறைந்து நின்றது முதலாம் இலக்கம், அதாவது கோல்கீப்பர். அவர்தான் என் மச்சான்.

மச்சான் முந்தல்காரர். அங்கே ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வை. ராத்தாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்ததால் எங்கள் கழகத்துக்கும் வந்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருடைய இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டபோது மனதுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. அதைத்தான் பாசம் என்று நினைத்து அடக்கினேன். (அது புத்தி. அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.)

வெள்ளிக்கிழமை அஸருடன் மாற்றம் முடிகிறது. காலையில் மச்சான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது படிவத்தை நீட்டினேன்.

"மச்சான், கழகத்துப் பேப்பர் ஒண்டு. ஒரு சைன் வைங்க."

அவர் வாசிக்கவே இல்லை. பேனையைக் கேட்டு வாங்கி, கையெழுத்து வைத்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பத்து மணிக்குள் நுரைச்சோலைக் கழகத்துச் செயலாளரின் கையெழுத்தும் வாங்கி, லீக்கிலும் கொடுத்துவிட்டேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் என் சாதனையை விளக்கி வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பேச்சு அனுப்பினேன்.

நான் மறந்த விசயம் ஒன்றுதான். வட்ஸ்அப் பக்கமே போகாத மச்சான் அந்தக் குழுவில் இல்லை, ஆனால் வாப்பா இருந்தார்.

ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை என்பதால் சோற்றுக்கு விளைமீன் ஆணம். தலைத் துண்டு வழக்கம்போல மாப்பிள்ளையின் பீங்கானில். வாப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவருடைய போன் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் இருக்கும். அவர் அதைத் தட்டினார். என் குரல் வீட்டை நிறைத்தது.

"முதலாம் இலக்கம். வயது முப்பத்தொன்று. முழங்கால் தேய்ந்துவிட்டது. பாய்வதற்கு முன் யோசிக்கிறார், யோசித்து முடியும்போது பந்து வலைக்குள் இருக்கிறது. அடுத்த வருடம் சும்மா கொடுத்தாலும் இவரை யாரும் எடுக்கமாட்டார்கள். பெறுமதி இருக்கும்போதே தள்ளிவிட்டோம். பத்துக்குப் பத்து."

உம்மாவின் கையிலிருந்த ஆணக் கரண்டி அப்படியே நின்றது. ராத்தா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

"என்னா சொல்றான் இவன்? யாரத் தள்ளிட்டாங்களாம்?" என்று கேட்ட வாப்பா, அதை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். என் உச்சரிப்பு மிகத் தெளிவாக இருந்தது என்பதை இரண்டாம் முறை எல்லோரும் கவனித்தார்கள்.

மச்சான் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "காலையில சைன் வச்சது இதுக்கா?"

கையைக் கழுவினார். ஒரு பையில் இரண்டு சட்டையும் கையுறைகளும் எடுத்துக்கொண்டு, முந்தலுக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பாதி மீன்தலை பீங்கானில் கிடந்தது. மாப்பிள்ளை சாப்பாட்டிலிருந்து எழுந்து போன வீடு என்றால் அது எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உம்மா அழுதார். ராத்தா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாத்துறதுக்கு ஒனக்கு என்ட புருசன்தானா கெடச்ச? அவரக் கூட்டிட்டு வந்தா வா. இல்லாட்டி நீயும் வராத."

அஸருக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலாவிச் சந்தியால் திரும்பி நுரைச்சோலைக்குப் பறந்தேன். கழகத்துச் செயலாளர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, அந்த மாற்றத்த ரத்துச் செய்யணும். எங்கட வீட்டில பெரிய பிரச்சின."

அவர் ஹோஸைக் கீழே போடவே இல்லை. "தம்பி, நல்ல கீப்பர் ஒருத்தர் இல்லாம நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. ஒங்கட மச்சான எப்பிடிக் கேக்குறதுண்டு தெரியாம இருந்தம். புது மாப்பிள்ளயப் போய் யாரு கேப்பா? நீயாத்தான் போன் எடுத்து அவரத் தந்தாய்."

"அப்ப அந்த ஃபோர்வர்டையாவது நல்லாத் தந்தீங்களே" என்றேன், ஆறுதலுக்கு.

"அவனா? அவனுக்குக் கட்டார் விசா வந்திட்டு. செவ்வாக்கிழம ஃப்ளைட்."

அந்த நேரம் பார்த்து அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். கடைசி நேரமும் முடிந்தது. "வா தம்பி, தொழுதிட்டுப் போ" என்று அவர் அன்பாகக் கூப்பிட்டார். அவ்வளவு மனம் உருகி நான் அதற்கு முன் தொழுததில்லை.

முந்தலில் மச்சானின் வீட்டுத் தென்னங்காணிக்குள் நான் கண்ட காட்சியை மறக்கவே முடியாது. இரண்டு தென்னைக்கு நடுவில் மச்சான் நின்றார். எதிரே அவருடைய உம்மா, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தை எறிந்துகொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்த மகன் மணலில் இடமும் வலமுமாகப் பாய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மகன்" என்றார் அந்த மாமி. "ஒங்கட பேச்சு எங்களுக்கும் வந்திச்சு." வேறு ஒரு வார்த்தையும் சொல்லாமல் தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அழகான வசனமெல்லாம் வரவில்லை. "மச்சான், நான் செஞ்சது பிழ" என்பதையே நாலைந்து தரம் சொன்னேன். அவர் மணலைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் யோசிச்சிப் பாயுறண்டு சொன்னது உண்மதான். அதுக்குக் கோவமில்ல" என்றார். "ஆனா அந்தப் பேப்பர நான் வாசிக்கல்ல. ஏன் வாசிக்கல்ல? எங்கட ஊட்டுப் புள்ள தந்த பேப்பர் எண்டுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கழகத்தாரும் கொமிட்டியும் திட்டித் தீர்த்திருந்தாலும் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். அவரே எழுந்தார்.

"வா போவம். ராத்தா தனியா இருப்பா. ஆனா ஒண்டு, ஆடுறது நுரைச்சோலைக்குத்தான். சைன் வச்சா வச்சதுதான்."

அப்படித்தான் அந்தப் பருவம் முழுக்க எங்கள் வீட்டுக் கொடியில் எதிரிக் கழகத்தின் சட்டை காய்ந்தது. அதைத் துவைத்தது உம்மா. தெருவால் போகும் எங்கள் கழகத்தார் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அரையிறுதியில் நாங்களும் நுரைச்சோலையும் மோதினோம். வாப்பா எங்கள் பக்கத்துக் கொட்டகையில், ஹாஜியாருக்கு அடுத்த கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "புடிங்க மருமகன், விடாதீங்க!" என்று கத்தினார். மருமகனும் விடவில்லை. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. மச்சான் யோசிக்காமலே பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் வெளியே. நான் சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் கை தட்டினேன். ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டார். அன்றோடு நான் மார்க் போடுவதை விட்டேன்.

அடுத்த வாரமே ராத்தாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் தூக்கிய பிறகு நானும் ஆசையோடு கையை நீட்டினேன். உம்மா பிள்ளையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இவன்ட கையில குடுக்காதீங்க. ஆரோடயாவது மாத்திட்டு வந்திருவான்."

வார்டே சிரித்தது. நேர்ஸும் சிரித்தார், அவருக்கு விசயமே தெரியாது. மச்சான்தான் பிள்ளையை வாங்கி என் கையில் வைத்தார். "குடுங்க உம்மா, இதுல நான் சைன் வைக்கல்ல" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என் பொறுப்பு. தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும், வாசலில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, செய்தி வாசிக்கிற குரலில் ஒரு கேள்வி கேட்பாள்.

"மாமா, இண்டைக்கு என்னய எந்த டீமுக்குக் குடுக்கப் போறீங்க?"