இரண்டரை மணி நேரம் இடம்பெயர்ந்தவர்

முதலில் தப்பு செய்தது குவாங். மற்றவர்கள் செய்தவையெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆகவே அவர் பெயரை முதலில் சொல்லிவிடுவதே முறை.

யாங்சி ஆற்றின் குறுக்கே பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். தண்ணீர் எதுவரை ஏறும் என்று குறிப்பதற்காக ஒரு வாளி சிவப்புச் சாயத்தோடு ஷிபான் ஊருக்கு வந்தார் குவாங். மலைச்சரிவில் நேராக இழுத்துக்கொண்டு வந்த கோடு ரானின் வீட்டுக்கு வந்தது, சுவரில் ஏறியது, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே போனது. சமையலறை கோட்டுக்குக் கீழே, படுக்கையறை மேலே. அன்று ரான் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் மனைவி தாவ்யிங் அடுப்படியில் நின்றிருந்தாள். அரசாங்கக் கணக்கெடுப்பில் ஆட்களை இருந்த இடத்தில் வைத்தே எண்ண வேண்டும் என்று குவாங்குக்கு உத்தரவு. எண்ணினார். தாவ்யிங் மூழ்கும் பகுதியைச் சேர்ந்தவள், ஆகவே இடம்பெயர்பவள். ரான் மூழ்காத பகுதியைச் சேர்ந்தவர், ஆகவே இருப்பவர்.

தாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று போர்வைக்குள்ளிருந்தே ரான் முறையிட்டார்.

"அதை யாரும் மறுக்கலையே ரான் அண்ணே," என்றார் குவாங். "கோடு உறவைப் பாத்துப் போகாது. உயரத்தைப் பாத்துத்தான் போகும்."

முத்திரை விழுந்தது. தண்ணீரும் ஏறியது. தாவ்யிங்குக்கு மலைமேல் கட்டிய புதிய நகரத்தில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்பில் இடம்பெயராதவர்கள் தங்கக் கூடாது. விருந்தாளிகள் இரவு ஒன்பதுக்குள் வெளியேறிவிட வேண்டும். இடம்பெயர்ந்தவர் யாராவது பழைய ஊரில் ஒரு ராத்திரி படுத்தால், புதிய வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனவே இருபத்திரண்டு வருஷமாக ரான் தோட்டத்து ஆரஞ்சுப் பழங்களைச் சுமந்துகொண்டு நானூறு படி ஏறினார். வாசலில் இருந்த பதிவேட்டில், 'உறவு: கணவர். வந்த நோக்கம்: பேச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருவரும் சண்டை போட்ட நாட்களில் மட்டும் காவலாளி பக்கத்திலேயே 'நோக்கம் நிறைவேறவில்லை' என்று குறித்துவைத்தான்.

ரான் மூன்று மாதத்துக்கு ஒரு மனு கொடுப்பார். தன்னையும் இடம்பெயர்ந்தவராக அறிவிக்க வேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. இதற்குள் பிரிவுத் தலைவராகிவிட்ட குவாங், காய்ச்சல் மனுதாரருடைய சொந்தக் காய்ச்சல், அதற்குத் துறை பொறுப்பேற்க இயலாது என்று மரியாதையாகப் பதில் எழுதுவார்.

இந்தக் கோடையில் அப்படி ஒரு மனுவோடு ரான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மின்யூ என்ற மாணவி உள்ளே வந்தாள். வடக்கே ஒரு கல்லூரியில் படிக்கிறவள். விடுமுறையில் பெரிய அணையைப் பார்க்க ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் வந்தவள். அணையை மூடுபனி விழுங்கியிருந்தது. பார்வை மேடையில் அணையின் பெரிய படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். வந்த சனமெல்லாம் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று அந்தப் படத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள், மின்யூவும் எடுத்துக்கொண்டாள். ஆனால் இப்போதெல்லாம் ஊர் பார்த்தால் மட்டும் போதாது. விடுமுறையில் சமூகத்தை அறிந்தேன் என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு ஏதாவது அலுவலக முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. அவள் சமூகத்தை அறியவில்லை என்றே ஆகிவிடும்.

இடம்பெயர்ந்தவர் ஒருவரைப் பேட்டி காண வேண்டும் என்றாள். பேட்டிக்கென்று நன்றாகப் பேசும் முப்பது பேரைத் துறை வைத்திருந்தது. அன்று அந்த முப்பது பேரையும் அணையைப் பார்க்கப் பேருந்தில் அழைத்துப் போயிருந்தார்கள்.

"பொண்ணு, என்னைக் கேளு," என்றார் ரான்.

குவாங் தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தார். இவர் இடம்பெயர்ந்தவர் இல்லை. இவரிடம் எடுக்கும் பேட்டி செல்லாது என்றார். அப்படியானால் துறை ஒத்துழைக்கவில்லை என்று கல்லூரிக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள் மின்யூ. அந்த ஆண்டு குவாங்கின் அலுவலகம் இன்முகச் சேவைக்கு விருதாகக் கொடுக்கும் கொடியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் கொடியை நினைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, 'ரான் என்பவர் பேட்டியின் பொருட்டு இன்று நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை இடம்பெயர்ந்தவராகக் கருதப்படுவார்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

ரான் தாளை வாங்கியதும் ஓடினார். தாவ்யிங்கின் குடும்பப் பதிவில் தன் பெயரைச் சேர்க்கும் படிவத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பூர்த்தி செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதற்கு இந்த ஒரு முத்திரைதான் குறைச்சல். மேல்நகரப் பதிவு அலுவலகத்தில் பத்து நிமிஷ வேலை. மின்யூ குறிப்பேட்டோடு பின்னாலேயே படியேறினாள்.

பதிவு அலுவலகத்தில் மத்தியானத் தூக்கம். சன்னலுக்குப் பின்னால் மடக்குக் கட்டிலில் எழுத்தர் படுத்திருந்தார். ரான் தட்டத் தட்ட ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ரெண்டரைக்கு வாங்க."

"ரெண்டரைக்கு நான் இடம்பெயர்ந்தவன் இல்லையே."

"அப்புறம் ரெண்டரைக்கு எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு எழுத்தர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ரான் படியில் உட்கார்ந்தார். மின்யூவும் உட்கார்ந்து, இடம்பெயர்ந்தவராக இருப்பது எப்படி இருக்கிறது தாத்தா என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்ணும் பிடிபடலை. இப்பதான் ஒரு மணி நேரம் ஆச்சு."

அவள் எழுதிக்கொண்டாள். இரண்டரை மணியானது. ரான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கித் தன் வீட்டுக்குப் போனார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்தது. ஷிபானில் ஒருவர் நண்பகலில் இடம்பெயர்ந்து, அன்று பிற்பகலிலேயே குறை ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பினார் என்று அதில் இருந்தது. மேலிடம் வியந்தது. மற்ற மாவட்டங்களில் பத்து வருஷம் இழுக்கும் வேலையைக் குவாங் இரண்டரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். அவருக்குக் கொடியோடு பதவி உயர்வும் வந்தது. ரானின் கோப்பில் 'இடம்பெயர்ந்து வெற்றிகரமாகத் திரும்பியவர்' என்று எழுதி மூடினார்கள். ஓர் ஆள் ஒரு தடவைதான் இடம்பெயரலாம். ஆகவே இனி மனுவுக்கும் வழியில்லை.

அவர் வீடு பார்க்க வேண்டிய இடமாயிற்று. பனி மூடிய நாளில் அணை தெரியாது, ரான் தெரிவார். அறுபது கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். மேல்நகரத்து இடம்பெயர்ந்தவர்களும் வந்து பார்த்தார்கள். வீடும் வயலும் தண்ணீருக்கடியில் கிடக்கும் அந்தச் சனம் ரானைக் கண்டு பொறாமைப்பட்டது. தங்களையும் இப்படித் திருப்பி அனுப்ப யாரிடம் மனு கொடுப்பது என்று அவரிடமே கேட்டது. குவாங் மனம் இளகினார். இடம்பெயர்ந்தவர் ஒவ்வொருவரும் வருஷத்தில் ஒரு பிற்பகல் பழைய வீட்டுக்குத் திரும்பலாம் என்று திட்டம் வகுத்தார். வீடு மூழ்கியவர்களுக்கு அது இருந்த இடத்துக்கு நேர் மேலே படகு நிறுத்தப்படும். சனம் கைதட்டியது. ரானும் தட்டினார்.

தாவ்யிங்கின் முறை இலையுதிர்காலத்தில் வந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். ரான் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே நாற்பது மாணவர்கள் நின்றுகொண்டு, சேர்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் படம் எடுத்தார்கள். பாட்டி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரலாம் என்றான் ஒருவன். கூட்டத்தை அழைத்து வந்த வழிகாட்டி, நேரம் முடிந்தது என்று கைக்கொடியைத் தூக்கியதும் அவள் எழுந்தாள்.

"கிழவா, அடுத்த வருஷம் நான் வரும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டு வை," என்று காதோரம் சொன்னாள்.

"கதவைப் போன மாசமே கழட்டிட்டாங்கடி. கூட்டம் போக வர இடைஞ்சலா இருக்காம்."

அவளை எண்ணிப் பேருந்தில் ஏற்றினார்கள். குவாங் ரானுக்குத் திருப்பித் தர வேண்டிய பெண்டாட்டி இன்னும் பாக்கி.