இன்னும் மூன்று தலைமுறை சேர்க்கவும்

உயிரே போனாலும் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று பதிப்பகத்தின் மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டில் இந்த முயல் செல்லுபடியாகாது. வெளியிலாவது ஆக வேண்டாமா?

நான் எழுதியிருந்தது நாவல். முதல் நாவல். அலுவலகம் விட்டு வந்து, சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதியது. மறு மூலையில் என் பையன் அரிச்சுவடி எழுத ஆரம்பித்தான். அவன் காலேஜுக்குப் போன பிறகுதான் நான் ‘முற்றும்’ போட்டேன். கடலோரத்தில் தன்னந்தனியாக விளக்கேற்றும் ஒரு கலங்கரை விளக்கக் காவலனின் கதை. ஊரில் இருந்த மற்ற பதிப்பகங்கள் எல்லாம் அதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டன. இதுதான் கடைசி.

பதிப்பாசிரியர் என்றால் புத்தகம் பதிப்பிக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வார்த்தையில் ‘ஆசிரியர்’ இருப்பதை உள்ளே போன பிறகுதான் கவனித்தேன். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கையில் சீவிய பென்சிலோடு ஓர் அம்மாள். எழுத்தாளர்கள் வட்டாரத்தில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அவர் முன்னால் என் நாவல், உடம்பெல்லாம் பென்சில் கோடுகளோடு கிடந்தது.

“சார், உங்க காவலன் எப்ப பிறக்கிறான்?”

“பத்தாவது அத்தியாயத்துல.”

“அதுவரைக்கும்?”

“அவங்க அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. வேர் தெரிஞ்சாத்தானே மேடம் மரம் புரியும்?”

“மரம் முளைக்கிறதுக்குள்ள படிக்கிறவங்க போய்ச் சேர்ந்துடுவாங்களே. வெட்டிடுங்க. அப்புறம், சூரிய உதயம் பதினொரு பக்கம் வருது.”

“அது மெதுவா உதிக்கிற சூரியன்.”

“காவலனோட பொண்டாட்டி மொத்தம் ரெண்டு தடவைதான் வர்றா. ரெண்டு தடவையும் கதவைத் திறக்கிறா, போயிடறா. அவளைக் கொஞ்சம் பேச விடுங்க சார்.”

“என் நாவல்லயாவது ஒரு பொண்டாட்டி பேசாம இருக்கட்டும் மேடம்.”

கத்தரி அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

“மாசக் கடைசிக்குள்ள திருத்திக் கொடுத்தா இந்த வருஷமே புத்தகம் வரும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடச் சொல்லிட்டார் முதலாளி. இதுக்குள்ள எங்கயோ ஒரு நல்ல நாவல் இருக்கு சார். விட்டுடாதீங்க.”

“எங்கயோ இல்லை மேடம், எல்லா இடத்துலயும் இருக்கு!” என்று முழங்கிவிட்டு, நாவல் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீரமாகத்தான் வந்தேன். ஆனால் படியிறங்கும்போதுதான் யோசித்தேன். இந்த இடமும் கையை விரித்துவிட்டால் என் காவலன் பரணில் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துதான் விளக்கேற்ற வேண்டும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் என் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காத பிள்ளைக்குக்கூட மருந்து புகட்டிவிடுவாள் என்று அங்கே பெயர். நான் வீட்டுக்கு வந்தபோது சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

“வெட்டணுமாம்.”

“வெட்டிடுங்களேன்.”

“முடியவே முடியாது!”

“சரி, வெட்டாதீங்க. எடிட்டரம்மா நம்பர் உங்க போன்லதானே இருக்கு?”

“எதுக்கு?”

“சும்மா கேட்டேன். நீங்க போய்க் குளிங்க, வேர்த்துக் கொட்டுது.”

குளித்தேன். கோபத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், என் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“யாரு?”

“உங்க எடிட்டரம்மாதான். பாவம், அவங்ககிட்ட ஒரு பிள்ளை மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்களாம். ரொம்பப் பிடிவாதமாம். நல்லது சொன்னாலும் கேக்க மாட்டேங்குதாம். எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னு கேட்டாங்க, சொன்னேன். எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்குன்னேன்.”

“நம்ம பையனையா சொன்னே? அவன் தங்கமாச்சே!”

“அவன் தங்கம்தான்,” என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் கத்தரியே என்னைக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

“சார், நான் தப்புப் பண்ணிட்டேன். திரும்ப யோசிச்சுப் பார்த்தேன். அந்த முன்னோர்கள் போதவே போதாது. இன்னும் மூணு தலைமுறை சேர்த்துடுங்க.”

“என்னது?”

“கொள்ளுத்தாத்தாவோட அப்பா, அவரோட அப்பா, முடிஞ்சா அவரோட மாமனார். அத்தியாயத்துக்கு ஒருத்தரா எழுதுங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுதினவன் நானா, இவரா? என் நாவலில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இவர் யார் சொல்ல? எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள் மனைவி.

“அவங்க சொல்றது சரிதாங்க. அந்தக் கொள்ளுத்தாத்தாவோட அப்பா என்ன ஆனாரோன்னு எனக்குச் சோறே இறங்கலை.”

“ஓகோ! எல்லாரும் சேர்ந்து எனக்கு எழுதக் கத்துக் கொடுக்கறீங்களா?”

உட்கார்ந்தேன். பென்சிலை எடுத்தேன். கொள்ளுத்தாத்தாவைக் கொன்றேன். தாத்தாவைக் கொன்றேன். அப்பாவை மட்டும், போனால் போகிறது என்று, ஒரு பத்தியில் தலையைக் காட்ட விட்டேன். முதல் பக்கத்திலேயே காவலன் பிறந்து, வளர்ந்து, விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் மறுபடி போன்.

“சூரிய உதயம் பிரமாதம் சார். ஆனா பதினொரு பக்கம்கிறது கஞ்சத்தனம். இருபதாக்கிடுங்க.”

‘விடிந்தது’ என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்தேன். யாரிடம் விளையாடுகிறார்?

அதற்கும் அடுத்த வாரம் அவர் சொன்னதுதான் அக்கிரமம்.

“அந்தப் பொண்டாட்டி எதுக்கு சார்? அவளை எடுத்துடுங்க. கதவு காத்துல தானாத் திறந்துக்கட்டும்.”

“ஆமாங்க, எடுத்துடுங்க,” என்றாள் என் மனைவி. “அவ இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறா?”

விடுவேனா? ஒரு குடும்பப் பெண்ணை நாவலை விட்டே துரத்துவதா? கதவைத் திறந்தவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பேசச் சொன்னேன். பேசினாள். ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. ‘ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டறீங்க, நம்ம வீட்டுச் சமையலறை பல்பு எரிஞ்சு மாசம் ரெண்டாகுது’ என்றாள். ‘கப்பல்காரனெல்லாம் உங்களைப் பார்த்துத் திரும்பறான், நீங்க ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாருங்களேன்’ என்றாள். இதெல்லாம் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லை, அவள் அடுத்ததைப் பேசிவிட்டாள். கை வலிக்க வலிக்க எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது. கடைசிப் பக்கத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் எழுத நினைத்தது இதைத்தான். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பல்பு வாங்கி வந்து சமையலறையில் மாட்டினேன்.

அனுப்பி வைத்த கட்டைப் படித்துவிட்டுக் கத்தரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புத்தகம் அச்சுக்குப் போனது. எதிரியை மண்ணைக் கவ்வ வைத்த பிறகு ஒரு தடவை நேரில் பார்த்து ஆறுதல் சொல்வதுதானே பெருந்தன்மை? ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

“கவிஞரே, கவிதை அற்புதம். ஆனா நிலாவுக்கு நாப்பது உவமை போதாது. அறுபது வேணும்.”

எதிர்முனையில் கவிஞர் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அம்மாள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் சொன்னார்.

“பாருங்க, கோபத்துல எல்லாத்தையும் அடிச்சுடுவார். உங்க வீட்டம்மா சொல்லிக் கொடுத்த வைத்தியம் சார். எல்லா எழுத்தாளருக்கும் கேக்குது!”

சொன்ன பிறகுதான் நான் யார் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பிஸ்கட் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன்.

“எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு!”

“எது, பால் தீர்ந்துபோனதா?”

“நீயும் அந்தக் கத்தரியும் கூட்டுச் சேர்ந்தது! அந்தப் பிடிவாதப் பிள்ளை யாருன்னு இப்பத்தான் புரியுது!”

அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, ஒரு பிஸ்கட்டை எடுத்து எனக்குக் கொடுத்தாள்.

“நேரா சொன்னா கேட்டிருப்பீங்களா? இத்தனை வருஷமா அந்த மூலையில குனிஞ்சு உக்காந்து எழுதினதை நான்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்? அது வீணாப் போகக் கூடாதுன்னு நினைச்சேன். அது தப்பா?”

பிஸ்கட்டைக் கடிக்க மறந்து நின்றேன். என் நாவலுக்காக என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்ட ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். இருந்தாலும் தோல்வி தோல்விதானே? ஆண்மகன் அதை அப்படியே விடலாமா? தீர யோசித்து, எதிர்பாராத இடத்தில் அடித்தேன்.

“நீ ஒண்ணு சொன்னா நான் ஏறுக்கு மாறாத்தான் செய்வேன்னு கணக்குப் போட்டுத்தானே இத்தனையும் செஞ்சே? இனிமே அந்தப் பருப்பு வேகாது. இன்னியிலேருந்து நீ எதைச் சொல்றியோ அதையே அப்படியே செய்வேன். அப்ப என்ன பண்ணுவே?”

அவள் முகம் வெளுத்தது.

“ஐயையோ, அப்படி மட்டும் பண்ணிடாதீங்க. அப்புறம் உங்களை நான் எப்படிச் சமாளிக்கிறது?”

“பண்ணுவேன்!”

“வேண்டாங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

“சத்தியமாப் பண்ணுவேன்! சொல்லு, என்ன செய்யணும்?”

பெருமூச்சு விட்டாள். தோற்றுப்போனவளின் பெருமூச்சு.

“சரி, வேற வழி? நாளைக்கே அடுத்த நாவலை ஆரம்பிங்க. இப்ப இந்தக் குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போட்டுட்டு, அப்படியே பால் வாங்கிட்டு வந்துடுங்க.”

குப்பைப் பையை எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி இறங்கினேன். இரண்டாவது படிக்கட்டு திரும்பும்போது புது நாவலின் முதல் வரிகூட வந்துவிட்டது. விசிலடித்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனேன். அங்கே கீழ்வீட்டு வக்கீல், கோர்ட்டில் தோல்வியே அறியாதவர், கைக்கொரு பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார், குப்பையோட இவ்வளவு குஷி?”

“இன்னிக்கு எங்க வீட்ல நான் ஜெயிச்சுட்டேன் சார்!”

வக்கீல் என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்காகத் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார்.

“நானும் இப்படித்தான் சார், போன வருஷம் ஜெயிச்சேன்,” என்றார்.