அதிகாரிக்காகப் பெயிண்ட் அடித்த பலகை

விழாமல் நிற்பது எப்படி என்று பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். (சிரிக்க வேண்டாம், இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.)

திருவண்ணாமலையில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்ந்த புதிது. பதினாறு வயது தேவிக்கு நான் பயிற்சியாளர். இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை. யார் கையையும் பிடிக்காமல் அதில் நடக்க வேண்டும். முதல் அடி வைக்கவே அவளுக்கு ஒரு மாதம் ஆனது. நான்காவது மாதம் மறுமுனையைத் தொட்டாள்.

அவள் அம்மா மல்லிகா அக்கா நம்பவில்லை. பௌர்ணமி கிரிவலத்தில் பதினாலு கிலோமீட்டரும் மகளின் கையை விடாதவர் அவர்.

"வுழுந்துடுவா சார்."

"ஆண்டு விழாவுக்கு வந்து பாருங்கக்கா. நடந்துட்டான்னா கைய வுட்டுடணும்."

"நடக்கட்டும், பாக்கலாம்."

அன்றிலிருந்து தேவி நாள் எண்ணத் தொடங்கினாள்.

விழாவுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். அதிகாரி வந்தால் நாம் என்ன செய்வோம்? பெயிண்ட் அடிப்போம். கேட், அடிமரம், தண்ணீர்த்தொட்டி எல்லாம் முடிந்து, பலகைதான் பாக்கி. விழா அன்று காலையில் நானே பச்சை எனாமல் அடித்தேன். (காய நேரம் வேண்டும் என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை.)

மைக் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. சமநிலை பற்றிப் பத்து நிமிடம் முழங்கிவிட்டு, "முதலில் நான் செய்து காட்டுகிறேன்" என்று புது ஷூவோடு பலகையில் ஏறினேன். இரண்டாவது அடியில் வழுக்கியது. மைக் ஒரு பக்கம் பறக்க, நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் மடியில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்தேன். அவருடைய வெள்ளைப் பேன்ட்டில் என் ஷூ தடம் பச்சையாகப் பதிந்திருந்தது.

"சாரே வுழுந்துட்டாரு, இவ எங்க நடக்கறது? வாடி போலாம்!" மல்லிகா அக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். நான்கு மாதம் அந்தப் பெண் பட்ட பாட்டை ஒரு டப்பா பெயிண்ட்டில் நாசமாக்கிவிட்டேனே, பாவி!

தேவி கையை உருவிக்கொண்டாள். நேரே போய்ப் பலகையைப் புரட்டிப் போட்டாள். அடிப்பக்கம் வெறும் மரம். (அதிகாரி கண்ணில் படாத பக்கத்துக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா?) செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக மறுமுனை வரை நடந்தாள்.

இறங்கியதும் என்னிடம் வந்து, பெயிண்ட் ஒட்டிய பச்சைக் கையை நீட்டினாள்.

"கைய புடிச்சுக்கோங்க சார். வுழுந்துடுவீங்க."

இப்போது கிரிவலத்தில் தேவி முன்னால் கைவீசி நடக்கிறாள். மல்லிகா அக்கா நாலடி பின்னால், முணுமுணுத்தபடி வருகிறார். அன்று கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள், என் தலையெழுத்து. பல்பு மாற்ற நான் ஸ்டூலில் ஏறினால் போதும், அவளும் எங்கள் மகளும் ஓடிவந்து ஆளுக்கொரு கையை நீட்டுகிறார்கள். "கைய புடிச்சுக்கோங்க சார்!"

நானும் மரியாதையாகப் பிடித்துக்கொள்கிறேன்.