துணிச்சலுக்கு மூன்று மார்க்

விருத்தாசலத்தில் மார்க் சாரின் கண்ணில் பட்டு, மார்க் வாங்காமல் தப்பித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பழமலைநாதர் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கே பொறுப்புணர்ச்சியில் ஒன்பது கொடுத்திருந்தார்.

செல்போனில் இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலம் அது. செராமிக் தொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு இலவசப் பயிற்சி தரும் சின்ன மையம் ஒன்றில் நான் கிளார்க். யார் தொழிலுக்குத் தேறுவார், யார் தேறமாட்டார் என்று மனசை அளந்து சொல்ல அங்கே வந்தவர்தான் மார்க் சார். டாக்டர் பட்டத்துக்கான மனோதத்துவ ஆராய்ச்சியையும் எங்கள் ஊரை வைத்தே செய்தார். துணிச்சல், பொறுமை, லட்சியம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மார்க். அவருடைய சொந்தப் பெயர் என்னவோ நீளமாக இருந்தது.

ஆபீசோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஜங்ஷனில் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரரிடம், ரயில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். தூங்குவேன் என்றார் அவர். லட்சியம் இரண்டு என்று அறிவித்துவிட்டு அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார் சார். ஆட்டோக்காரர் அவரை வேப்பூர் ரோட்டில் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்தார். பெண் வீட்டார்கூட ரகசியமாக வந்து மாப்பிள்ளையின் மார்க்கை விசாரிக்கத் தொடங்கினார்கள். துணிச்சல் ஒன்பது என்று தெரிந்து ஒரு சம்பந்தம் நின்றே போனது. பெண்ணின் அப்பா பயந்த சுபாவம்.

சாரின் பரீட்சைக்கு உயிரான கேள்வி ஒன்றுதான். முதல் சூளையைத் திறக்கிறீர்கள், சரக்கு முழுக்க விரிசல், என்ன செய்வீர்கள்? மறுநாளே அடுத்த சூளை ஏற்றுவேன் என்று சொன்னால் முழு மார்க், பயிற்சியில் இடம் உறுதி. இந்தப் பதில் டீக்கடை வரை பரவிவிட்டதால் வந்தவர்கள் எல்லாரும் அதையே ஒப்பித்தார்கள். இந்த ஊர் ஜனங்களின் நெஞ்சுரம் வேறெங்கும் இல்லை என்று சார் நெகிழ்ந்துபோனார். கடைசியில் அவருக்கே ஆசை வந்துவிட்டது. வேலையை விட்டு, ஊறுகாய் ஜாடி செய்ய ஒரு ஷெட்டை வாடகைக்குப் பேசினார். அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது. ஜாடிக்கு எப்படி மூடி வைக்கலாம் என்று பியூன் வரைக்கும் கேட்டார்.

ஷெட்டின் சாவி வாங்கப் போகிற காலையில், முறைப்படி தானும் பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று என்னைக் கேள்வி கேட்கச் சொன்னார். கடைசியில் சூளைக் கேள்வி வந்தது.

"அழுவேன்," என்றார். "வேற ஒண்ணும் தோணாது."

துணிச்சலுக்கு அவரே மூன்று போட்டுக்கொண்டார். ஷெட் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்யும் அந்தோணி, சாரிடம் பத்துக்குப் பத்து வாங்கித் தொழில் தொடங்கியவர். விஷயம் கேட்டு ஓடி வந்தார். மாதா கோயிலில்கூட அவர் அப்படிப் பாவமன்னிப்பு கேட்டிருக்க மாட்டார்.

"சார், நாங்க அத்தினி பேரும் சொன்னது பொய்யி. என் சூளை போனப்ப நானும் எம் பொஞ்சாதியும் வூட்ட விட்டு வெளியவே வரல சார். அழுதுகிட்டே கெடந்தோம்."

சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் தேத்தறதுக்காக உங்களையே தாழ்த்திக்கிறீங்க. இரக்கத்துக்கு உங்களுக்குப் பத்து, அந்தோணி."

பொய் என்று ஒப்புக்கொண்டால் ஆராய்ச்சியே போய்விடும், அதனால்தான் நம்பவில்லை என்றார் எங்கள் மேனேஜர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களைப் பற்றி வைத்திருந்த நல்ல எண்ணத்தை விட்டுவிட அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரமே சென்னை ரயிலில் ஏறிப் போய்விட்டார். அந்த ஷெட்டில் பிறகு யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கினார்கள்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஜாடியைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். முதல் சூளை நிச்சயம் போயிருக்கும். போனால் போகட்டும், நாங்கள் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதிருப்போம்.