தெற்கு பார்த்த சைக்கிள்

எங்கள் ஷாவெய் தீவு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டு. சாலை ஒன்றே ஒன்று. அது வடதுறையில் தொடங்கித் தென்துறையில் முடியும். தைவானிலிருந்து வரும் கப்பல் முதலில் வடதுறைக்கு வரும், பிறகு தென்துறைக்குப் போகும், அங்கிருந்து நேரே தைவானுக்குத் திரும்பிவிடும்.

இந்தப் பூகோள உண்மைகளைப் பல கூட்டங்கள் போட்டு ஆராய்ந்த எங்கள் நகர அலுவலகம், தீவின் வருங்காலத்தைக் கருத்தில் கொண்டு "ஒருவழிச் சைக்கிள் சுற்றுலா" என்ற திட்டத்தைத் தீட்டியது. பயணி வடக்கே இறங்க வேண்டியது. அலுவலகத்துச் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டியது. வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளத் தள்ளத் தெற்கே போய்ச் சேர்ந்து கப்பல் ஏற வேண்டியது. பயணியின் வேலை அதோடு முடிந்தது.

சைக்கிள் எப்படித் திரும்பி வரும்? அதற்கும் திட்டம் இருந்தது. சுற்றுலாப் பிரிவு அதிகாரி சூ மின்செங், சாயங்காலம் லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுவருவதாகச் சுவர் நிறைய வரைபடம் போட்டு மாட்டியிருந்தார். சூ நல்ல மனிதர். ஆனால் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவரும் நகரத் தலைவர் ஹுங்கும் அலுவலகத்துக்கே உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடையில்தான் வந்தார்கள். மானியம் கேட்டு வருகிற மீனவர்களுக்குத் தலைவரின் தொப்பையைப் பார்க்காமல் பேசுவது கஷ்டமாக இருந்தது.

திறப்பு விழா அன்று காலை சூ, கியோக்லான் வீட்டு வாசலில் வந்து நின்றார். வடதுறையில் பன்றி இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த பன் விற்கிறவள் கியோக்லான். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி, ஐஸ் தொழிற்சாலை, வலை பின்னும் கொட்டகை, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

"அக்கா, விழாவுக்கு ஒரே ஒரு சைக்கிள் குறையுது. தலைவர் ஓட்டணும்."

"என் வண்டியிலயா? அவரு உக்காந்தா அது எந்திரிக்குமா?"

"பெட்டியக் கழட்டிட்டுக் குடுங்க. சாயங்காலம் லாரியில வந்துடும்."

"சாயங்காலம் வரலேன்னா நாளைக்கு உன் ஆபீஸ் வாசல்ல அடுப்பு வெப்பேன், தம்பி."

விழாவைச் சிறப்பிக்கத் தலைவர் ஒரு புதுமை செய்தார். வடதுறையில் இருக்கும் கடல் தெய்வம் மாசூ அம்மன் கோயில் சந்நிதியில் வைத்து, எல்லாச் சைக்கிளுக்கும் அம்மனின் முக்கோணக் கொடியைக் கட்டச் சொன்னார். புகைப்படத்தில் நன்றாக இருக்கும் என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. கொடிகள் படபடக்க எல்லோரும் தெற்கே போனார்கள். தலைவர் வழியில் பாதி தூரம் காரில் போனார். அப்போது கியோக்லானின் சைக்கிள் மட்டும் தன் வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கக் காரின் கூரைமேல் ஏறிப் போனது.

சாயங்காலம் லாரி கிளம்பும் நேரத்தில், கோயில் குழுத் தலைவர் ஓங் ஐயா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"கொடி கட்டின வண்டி போன வழியே திரும்பக் கூடாது. அம்மா பல்லக்கு என்னிக்காவது போன வழியே திரும்பிப் பாத்திருக்கியா?"

சூ பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. பல்லக்கு கோயிலை வட்டமாகச் சுற்றி வருவது. தீவில் இருப்பதோ ஒரே சாலை. லாரி காலியாகத் திரும்பியது.

மறுநாள் கியோக்லான் தோளில் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தாள். ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னும் ஐஸ் மாதிரியே இருந்தது. இரண்டு மாதம் போனால், தொழிற்சாலைக்காரர்கள் துறைமுகக் கடையில் பிளாஸ்டிக் உறையில் விற்கிற ரொட்டிக்குப் பழகிவிடுவார்கள். பழகிவிட்டால் அவள் பிழைப்பு போயிற்று. சொன்னபடி அவள் அலுவலக வாசலில் அடுப்பு வைக்கவில்லை. நேரே உள்ளேயே போய்விட்டாள். ஓங் ஐயாவும் அங்கே இருந்தார்.

"அந்தக் கொடிய அவுத்துட்டா என்ன?" என்று கேட்டாள்.

"அம்மா சந்நிதியில கட்டினத சந்நிதியிலதான் அவுக்கணும்," என்றார் ஓங்.

"சந்நிதி எங்க இருக்கு?"

"வடக்க."

"வண்டி?"

"தெக்க."

"அப்ப வண்டிய வடக்க கொண்டாங்க."

"கொடி இருக்கே."

கியோக்லான் சூவைப் பார்த்தாள். சூ மிகவும் மரியாதையாக, "பிரச்சினை உங்களுக்கே புரிஞ்சிருச்சு பாருங்க அக்கா. பரிசீலனையில இருக்கு," என்றார்.

பரிசீலனையின் முடிவில் கடல்வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. தென்துறையில் ஏற்றினால் கப்பல் தைவானுக்குப் போய், மறுநாள் வடதுறைக்கு வரும். போன வழி வேறு, வந்த வழி வேறு. ஓங் ஐயாவுக்கும் சம்மதம். கப்பல் விதிப்படி சைக்கிளைத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டால் அது சாமான். பை இல்லாவிட்டால் வாகனம். அலுவலகம் டெண்டர் விட்டுப் பைகள் வாங்கியது.

பையைப் பார்த்ததும் ஓங் ஐயா முகம் சுருங்கியது. "அம்மா கொடிய மூட்டைக்குள்ள போட்டுக் கட்டுவியா? மூச்சு முட்டாதா?"

பைகள் தைவானுக்குத் திரும்பிப் போய், கொடி தெரியும்படி ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துத் தைக்கப்பட்டு வந்தன. தென்துறை டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தாள்.

"உள்ள சைக்கிள் தெரியுதே."

"சைக்கிள்தாங்க," என்றார் சூ.

"தெரிஞ்சா வாகனம். வாகனம்னா கூட ஓட்டுநர் வரணும். ஓட்டுநர் எங்க?"

"பைக்குள்ள எப்படிங்க ஓட்டுநர்..."

"அது உங்க ஆபீஸ் பாத்துக்க வேண்டிய விஷயம். அடுத்தவங்க வாங்க."

ஓட்டுநருக்கும் சேர்த்துப் பை தைக்கலாமா என்று சூ உண்மையாகவே அளவெடுக்கத் தொடங்கியதாக அலுவலகத்தில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பிறகு அளவுநாடாவைப் பார்த்தேன்.

கடைசியில் கியோக்லானே சொன்னாள்: "இத்தன பேர் பேசுறீங்க. அம்மாவ யாராவது கேட்டீங்களா?"

அது நியாயமாகப் பட்டது. கோயிலில் எல்லோரும் கூடினோம். ஓங் ஐயா ஊதுபத்தி ஏற்றி, சைக்கிள்கள் திரும்பலாமா என்று கேட்டுப் குறி பார்க்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டார். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்து விழுந்து ஆடின. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். மறுபடி போட்டார். சிரித்தாள். மூன்றாவது முறையும் சிரித்தாள்.

சூ குறிப்பெழுதினார்: "மேற்படி பொருள் குறித்து அம்மனின் பதில் வரப்பெற்றது. ஆட்சேபணை ஏதுமில்லை. ஒப்புதலும் இல்லை." கேள்வியைத் திருத்தி எழுத ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் நானும் இருந்தேன். இரண்டு முறை கூடினோம். தேநீர் நன்றாக இருந்தது.

குழு மூன்றாவது முறை கூடுவதற்குள் காரியம் வேறு விதமாக முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் முட்டிவலிக்காரர்கள் விடியற்காலையில் கோயில் முற்றத்தில் பின்பக்கமாக நடப்பார்கள். முட்டிக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னது. ஓங் ஐயா அதில் முன்னணி, அதாவது எல்லோருக்கும் முன்னால் பின்னால் போகிறவர். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்த கியோக்லான் கேட்டாள்:

"ஐயா, திரும்பறதுன்னா என்ன?"

"மூஞ்சி திரும்பறது. வேறென்ன?"

"நீங்க இப்ப அந்த மூலையிலேருந்து இந்த மூலைக்கு வந்தீங்களே. திரும்புனீங்களா?"

"நான் எங்க திரும்புனேன்? நேராத்தான பாத்துக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு ஓங் ஐயா நின்றார். கைத்தடியால் தரையைக் கீறினார். "வண்டி மூஞ்சி தெக்க பாத்தே இருந்தா... அது திரும்பினதா ஆகாது. போக்கிரிப் பொண்ணு நீ."

கியோக்லான் அன்றே பேருந்தில் தென்துறைக்குப் போனாள். குவியலிலிருந்து தன் சைக்கிளை இழுத்தெடுத்தாள். கைப்பிடியைப் பிடித்து, அதன் முகத்தைத் தெற்கே வைத்தபடி, அடிமேல் அடியாகப் பின்பக்கம் நடந்தாள். எதிர்காற்று அவள் முதுகில் அறைந்தது. ஒரு முறை வேர்க்கடலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். ஒரு முறை ஒரு ஆட்டின்மேல் மோதி, பார்க்காமலேயே "மன்னிச்சுக்கங்க" என்றாள். இருட்டுவதற்குள் வடதுறைச் சந்நிதியில் கொடி அவிழ்க்கப்பட்டது. மறுநாள் ஐஸ் தொழிற்சாலையில் பன் சுடச்சுட இருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வழியில் அவளைப் பார்த்த தைபே இளைஞர்கள் இருவர் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கப்பல் நிறையக் கூட்டம். எல்லோருக்கும் தெற்கே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வடக்கே பின்பக்கமாக நடக்க வேண்டும். மனம் லேசாகிறதாம். கடந்த காலத்தை நேருக்கு நேர் பார்க்க முடிகிறதாம். கண்ணாடி பொருத்திய தலைக்கவசமும் குதிகாலில் மெத்தை வைத்த காலணியும் விற்பனைக்கு வந்தன. அலுவலகம் உடனே "பின்னோக்குப் பெரும் பயணம்" என்று பெயர் சூட்டி, இது தங்களுடைய நீண்டகாலத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று அறிவித்தது. விதி ஒன்றே ஒன்றுதான்: வழியில் யாரும் முகத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் சான்றிதழ் கிடையாது.

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு முட்டிக்கு நல்லதுதானே என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தீவே அந்தச் சாலையில் பின்பக்கமாக நடக்கிறது.

கியோக்லான் பாதி வழியில் கடை போட்டுவிட்டாள். சைக்கிளைக் கடைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறாள். கடையை நெருங்கியதும் நாங்கள் முகத்தைத் திருப்பாமல் காசை நீட்டி, அப்படியே கையைப் பின்னால் விரிப்போம். அவள் அதில் ஒரு பன் வைப்பாள். சில நாள் சூடாக இருக்கிறது. சில நாள் நேற்றையது மாதிரி இருக்கிறது. அவளிடம் கேட்கத் திரும்ப வேண்டுமே. இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.

போன ஞாயிறு சூவும் அந்த வழியாகப் பின்னால் நடந்து வந்தார். கடையருகே நின்று, தெற்கே பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினார்.

"அக்கா, இரண்டாம் கட்டத் திறப்பு விழாவுக்கு ஒரே ஒரு சைக்கிள் குறையுது."

கியோக்லான் அந்தக் கையில் ஒரு பன் வைத்தாள்.

சூ விரல்களால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். திரும்பவில்லை. நன்றி சொல்லிவிட்டு நடந்தார். சைக்கிள் தூணிலேயே இருந்தது. மறுநாள் அலுவலகப் பலகையில் அறிவிப்பு தொங்கியது: "பொதுமக்கள் ஒத்துழைப்புடன் ஒரு சைக்கிள் பெறப்பட்டது."