பூட்டுவேந்தர் தங்கப் பூட்டு கொண்ட படலம்

வாழ்க பூட்டுவேந்தர்! கேட்டவர் வாய் மூடுமுன் கேள்வியை மூடும் விரைவினர்; சுழல்நாற்காலி என்னும் தேரேறி, மவுஸ் என்னும் வேலேந்தி, தொளதொளத்த அரைக்கால்சட்டையே கவசமாகப் பூண்ட பெருந்தகை; பொறுமை என்பதைப் பிறரிடம் மட்டுமே எதிர்பார்க்கும் பேரருளாளர்; வாழ்க, வாழ்க! அன்னாரின் வெற்றியைப் பாடப் புகுந்த எளியேனுக்குச் சொல்வன்மை அருளுமாறு, புத்தக அலமாரியின் உச்சியில் பச்சை விழி சிமிட்டி வீற்றிருக்கும் வைஃபை பெட்டியை முதற்கண் தொழுகிறேன். அது அடிக்கடி அணைந்துவிடும். ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

தாம் எழுதிய கணினி நிரல் ஓடாதபோது தாமே ஓடிவந்து நிரலாளர்கள் முறையிடும் இணையமன்றம் ஒன்று உண்டு. அம்மன்றத்தில் வினாத் தொடுப்போர் பல்லாயிரவர். விடை பகர்வோர் சில நூற்றுவர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் சந்தித்துவிடாதபடி இடைநின்று காப்போர் மட்டுறுத்துநர் எனப்படுவர். வந்த வினாவுக்குக் குறிச்சொல் சூட்டி உரிய அடுக்கில் ஏற்றுவதும், முன்பே கேட்கப்பட்டதாயின் பழைய வினாவைச் சுட்டிக்காட்டிப் புதியதைப் பூட்டுவதும் அவர்தம் திருப்பணி. பூட்டிய வினாவுக்கு யாரும் விடை எழுத முடியாது. சம்பளமும் கிடையாது, அதனால்தானோ என்னவோ இவ்வளவு வீரம்.

அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில், மட்டுறுத்துநருள் ஒருவராகிய நம் வேந்தர் இன்னும் ஒரே ஒரு வினாவைப் பூட்டிவிட்டால் தங்கப் பூட்டு என்னும் விருது அவர் பெயரருகே ஒளிரும் என்ற நிலை. விருதின் அளவு கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். அதே விருதுக்கு அதே தொலைவில், எவ்வூரிலோ எந்நாற்காலியிலோ, அடுக்குக்கோ என்ற புனைபெயர் தாங்கிய மற்றொரு மட்டுறுத்துநரும் கொதித்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு ஒருவருக்கே, அதுவும் முதலில் எட்டுபவருக்குத்தான் கிடைக்கும்.

அறையின் மறுகோடியில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வேந்தரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவள், பல ஆண்டுகள் கழித்துத் தானாகத் தேடிப் பிடித்த முதல் வேலை அது: ஒரு கண் கிளினிக்குக்கு இணைய முன்பதிவுப் பக்கம் எழுதித் தருவது. மாலை ஆறு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தால் அடுத்த வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொடுக்காவிட்டால், ‘இதெல்லாம் உனக்கு எதுக்கு’ என்று சொல்ல இரண்டு குடும்பத்திலும் ஆள் தயாராக இருந்தது.

“ஏங்க, ரெண்டு நிமிஷம் வந்து பாக்குறீங்களா? ஒரே சமயத்துல ரெண்டு நோயாளிங்க அழுத்தினா, ஒரே நேரம் ரெண்டு பேருக்கும் போயிடுது.”

வேந்தர் திரும்பாமலே திருவாய் மலர்ந்தார்: “இரும்மா. நான் இப்ப எழுந்தா இந்த மன்றமே குப்பைமேடாயிடும்.”

அவருடைய பின்மண்டையை விட்டுத் தன் திரைக்குத் திரும்பினாள் அவள். உலகத்திலேயே உதவி கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவந்த அந்த மன்றத்திலேயே, ‘அரைத்தூக்கம்’ என்ற பெயரில் சேர்ந்து, கேள்வியைப் போட்டாள்.

வந்தது வினா! ‘வணக்கம், நான் புதுசு, ரெண்டு நாளா தேடிட்டேன்’ என்று தொடங்கி, நிரலை ஒழுங்காக ஒட்டி, ‘முன்கூட்டியே நன்றி’ என்று முடிந்திருந்த அவ்வினாவைக் கண்டார் வேந்தர். கண்டதும், வாழைத்தோட்டம் புகுந்த மதகளிறென உள்ளே பாய்ந்து, வணக்கத்தை வேரொடு பிடுங்கி, ‘நான் புதுசு’ என்பதை நசுக்கி, ஈற்றில் நடுங்கி நின்ற நன்றியை ஒரே சொடுக்கில் வீழ்த்தி, நிமிர்ந்து, பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் பருகினார். மன்றத்தில் மரியாதைக்கு இடமில்லை. அது இடத்தை அடைக்கும்.

அடுத்து, ‘படிவம்’ என்னும் குறிச்சொல்லை அதன் நெற்றியில் பொறித்தார். பொறித்த ஈரம் உலருமுன், அடுக்குக்கோ எங்கிருந்தோ தோன்றி, அதை அழித்துத் ‘தரவுத்தளம்’ என்று பொறித்தார். வெகுண்டார் வேந்தர். மீண்டும் படிவம்! மீண்டும் தரவுத்தளம்! விசைப்பலகைகள் முரசென அதிர, மின்விசிறி திகைத்துச் சுழல, ஈரேழு உலகும் இனி எந்த அடுக்கில் நிற்பதென்று கலங்க, இரு பெருவேந்தரும் அச்சிறு வினாவைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தனர். அது என்ன கேட்கிறது என்பதை இருவரும் இன்னும் படிக்கவில்லை.

படித்த ஒருவர் இருந்தார். மன்றத்தின் பழைய விடையாளர். ‘கடலை’ என்று பெயர் வைத்துக்கொண்டவர். சிக்கலைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, பொறுமையாக விடை தட்டத் தொடங்கியிருந்தார். ‘ஒருவர் விடை எழுதுகிறார்’ என்று திரையின் அடியில் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேந்தரோ வேறொன்று கண்டார். குறிச்சொல் போர் வீண், பூட்டினாலோ பொன்! ஊழிக்கு முன் எவரோ கேட்டிருந்த ‘ஒருவரே பொத்தானை இருமுறை அழுத்தினால் படிவம் இருமுறை போகிறதே’ என்னும் தொல்வினாவைத் தோண்டியெடுத்தார். அதிலும் இரண்டு இருந்தது, இதிலும் இரண்டு இருந்தது. அதிலும் அழுத்தினார்கள், இதிலும் அழுத்தினார்கள். போதாதா? அடுக்குக்கோவின் விரல் இறங்க ஓர் இமைப்பொழுது இருக்கையில், விண்ணோர் வியக்கத் தம் விரலை இறக்கினார் நம் வேந்தர். ‘முன்பே கேட்கப்பட்டது’ என்று பூட்டு விழுந்தது. பாதி எழுதிய விடையை என்ன செய்வதென்று தெரியாமல் கடலை மன்றத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அரைத்தூக்கம் கீழே ஒரு குறிப்பு எழுதினாள்: “ஐயா, அந்தப் பழைய கேள்விய முழுசா படிச்சேன். அது ஒரே ஆள் ரெண்டு தடவ அழுத்துறது. இது ரெண்டு பேரு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வேணும், தயவுசெஞ்சு திறந்து விடுங்க.”

வேந்தர் பேரறைகூவல் விடுத்தார்: “அவசரம் என்பது கேட்போரின் சொந்தச் சிக்கல், அது மன்றத்தின் சிக்கலாகாது. தேடிப் பழகுக!” பிறகு அவளுடைய ‘ஐயா’வையும் ‘தயவுசெஞ்சு’வையும் நீக்கினார்.

உடனே பூத்தது தங்கப் பூட்டு! வேந்தர் நெஞ்சு விம்மி, தேர்ச்சக்கரங்கள் கிறீச்சிட நாற்காலியைத் திருப்பி, “இங்க வந்து பாரேன்! இந்த வருஷம் எனக்குத்தான்!” என்று கூவினார்.

அவள் வந்து பார்த்தாள். தங்கப் பூட்டைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள்.

“இது என் கேள்விங்க.”

அவள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். வேந்தருக்குக் காதுமடல் சுட்டது. அவ்வளவு வெட்கம் அவர் பட்டதே இல்லை.

ஆயினும் வீரர் துவள்வாரோ? பாய்ந்தார், பூட்டைத் திறக்க. பூட்டியவரே தனித்துத் திறக்கலாகாது, மற்றொரு மட்டுறுத்துநரும் இசைய வேண்டும் என்றது விதி. இரவும் பகலும் வாதாடி அவ்விதியைக் கொண்டுவந்தவர் நம் வேந்தரேதான். அந்நேரம் மன்றத்தில் விழித்திருந்த மற்றொருவர் அடுக்குக்கோ. வேந்தர் கெஞ்சினார். “விதி யாவர்க்கும் பொது, பூட்டு மிகச் சரி, வெற்றிக்கு வாழ்த்துகள்” என்று பதில் வந்தது.

அப்படியானால் நிரலை யாமே திருத்துவோம் என்று சாப்பாட்டு மேசைக்கு எழுந்தருளினார். பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். அலுவலகத்தில் அவர் இப்போதெல்லாம் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பவர், வீட்டில் பூட்டுபவர், நிரல் எழுதுவதை எப்போது விட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

இறுதி அத்திரமாக, தம் பெருமை பொருந்திய சொந்தப் பெயரிலேயே, வணக்கமின்றி, நன்றியின்றி, குறிச்சொல் இரண்டும் சூட்டி, குற்றங்காண இயலா இலக்கணத்தோடு அதே வினாவை மன்றத்தின் நடுவே நட்டு, மார்தட்டி நின்றார் பூட்டுவேந்தர். அண்டம் அதிர, அடுக்குக்கோவின் விரல் இறங்கியது. ‘முன்பே கேட்கப்பட்டது’ என்ற வரியின்கீழ், பழைய வினாவாக அரைத்தூக்கத்தின் பூட்டிய வினாவே சுட்டப்பட்டிருந்தது.

மனைவி கிளினிக்குக்குப் போன் செய்து, “இன்னும் முடியலைங்க” என்றாள்.