பேஸ் இல்லாத வீடு

"பேஸைக் காணோம்னு சொல்லுது," என்றார் காசிலிங்கம்.

"பேஸு இதோ டிவி பக்கத்துல குத்துக்கல்லாட்டம் இருக்குதே," என்றாள் அவர் மனைவி விஜயலட்சுமி.

"எனக்குத் தெரியுது. போனுக்குத் தெரியலையே."

கார்ட்லெஸ் போனின் சின்னத் திரையில், தான் உட்காருகிற பேஸைத் தேடிக்கொண்டிருப்பதாக இங்கிலீஷில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. காசிலிங்கம் போனைக் கொண்டுபோய் பேஸுக்கு மூக்கோடு மூக்காக வைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்றுகொண்டே அது தேடியது.

ஆளுக்கொரு செல்போன் இருந்ததால் ஒரு வாரமாக அதை யாரும் தொடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவர் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பியிருப்பார். மரக்காணம் உப்பளத்தில் அவர் சூப்பர்வைசர். ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன வாரம் வினோதினியைப் பெண் பார்த்துவிட்டுப் போன கிளியனூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் இந்த போனில்தான் சொல்வார்களாம். மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனன், டெலிபோன் டிபார்ட்மெண்டில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "செல்போன்ல நல்லது கெட்டது பேசறது எனக்கு ஆகாதுங்க. லேண்ட்லைன் இருக்குதுல்ல, அதுல சொல்லிடறேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வினோதினி இதுவரை எந்த மாப்பிள்ளையையும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இந்த அருண்ராஜ் வந்துபோன அன்று, அவன் காபி குடித்த டம்ளரைத் தானே எடுத்துக் கழுவி வைத்தாள். அவள் டம்ளர் கழுவிக் காசிலிங்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு டம்ளருக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார். இன்றைக்கு அவள் தலைவலி என்று லீவு போட்டுவிட்டு, வலி எதுவும் இல்லாத முகத்தோடு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

"எல்லாம் உப்புக் காத்து பண்ற வேலை," என்று முடிவு கட்டினார் காசிலிங்கம். அதில் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் கேட்டுக் கீலிலிருந்து மிக்ஸி வரைக்கும் உப்புக் காற்று விட்டுவைத்த பொருள் கிடையாது. உப்பு செய்த வேலையை உப்புத்தாள்தான் சரிசெய்யும் என்று ஒரு துண்டு எடுத்துவந்து போனின் அடியில் இருந்த தகடுகளைத் தேய்த்தார். பளபளவென்று வந்தது. அந்த உற்சாகத்தில் மேல்பக்கத்தையும் ஒரு இழு இழுத்தார்.

"என்னப்பா, நம்பரெல்லாம் காணோம்?" என்றாள் வினோதினி.

பட்டன்கள் எல்லாம் மொட்டையாக இருந்தன. போன் இன்னும் பேஸைத் தேடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் காசிலிங்கத்தை மெச்சாமல் இருக்க முடியாது. மழையில் பாத்தி மொத்தமும் கரைந்து போனாலும் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்கிற ஆள் அவர். சோர்ந்துபோகவே தெரியாது. செல்போனை எடுத்து, போன் கம்பெனியின் உதவி மையத்துக்குப் பேசினார்.

"ஹேண்ட்செட்டை மறுபடியும் ரிஜிஸ்டர் பண்ணணும் சார்," என்றது ஒரு பெண் குரல்.

"இன்னிக்கு முகூர்த்த நாளும்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூட்டம் அள்ளும். சாட்சிக்கு எத்தினி பேர் வரணும்?"

"எங்கயும் போக வேணாம் சார். பேஸ்ல இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடிங்க. அப்புறம் போன்ல மெனுவுக்குப் போய் அஞ்சை அமுக்குங்க."

அஞ்சு எது, எட்டு எது என்று இப்போது கடவுளுக்குத்தான் வெளிச்சம். குத்துமதிப்பாக நாலைந்து அமுக்கினார். திரையில் இங்கிலீஷ் மறைந்து வேறு என்னமோ வந்தது.

"ஏதோ வெளிநாட்டு பாஷைப்பா. லாங்குவேஜை மாத்திட்டீங்க," என்றாள் வினோதினி எட்டிப் பார்த்து.

"ஒரு புள்ளி வெச்சா மெய்யெழுத்து, தெரியும். இதுல எழுத்துக்குத் தலையில ரெண்டு ரெண்டு புள்ளி இருக்குதே, இது என்ன எழுத்து?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காசிலிங்கம் வாசலுக்கு வந்து செல்போனில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "எங்க வீட்டுல பேஸே நிக்க மாட்டேங்குதும்மா. இன்னிக்குப் பொண்ணு விஷயமா சேதி வர வேண்டிய நாளு. சீக்கிரம் ஒரு வழி சொல்லு."

அந்த நேரம் பார்த்து, தெருவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பச்சமுத்து சைக்கிளை நிறுத்தினான். அவன் கொத்தனார். பேஸ் என்றால் அவனுக்குத் தெரிந்தது பேஸ்மட்டம் ஒன்றுதான். சுவரின் அடிப்பக்கத்தைக் கவலையோடு பார்த்தான்.

"ஏம்பா காசி, உப்பு ஏறிடுச்சா?"

"உப்புதாம்பா. மொத்தமா அரிச்சிடுச்சு," என்று கையை ஆட்டிவிட்டு, காசிலிங்கம் மறுபடி செல்போனில் கத்தினார்.

பச்சமுத்து உச்சுக் கொட்டிக்கொண்டே போனான். நல்ல மனசுக்காரன். நண்பனின் வீடு இடியப்போகிறதே என்ற விசனத்தை அவனால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு அவனுக்கு வேலை கிளியனூரில்.

உச்சிவெயில் நேரத்துக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அர்ச்சுனன். இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. நேராக மூலைச் சுவருக்குப் போய், குனிந்து, செருப்புக் காலால் பேஸ்மட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது? வீட்டுக்கு பேஸே இல்லன்னு எங்க ஊர் டீக்கடையில பேசிக்கிறாங்க."

காசிலிங்கம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. அர்ச்சுனன் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"போன்லயே சொல்லிடலாம்னுதான் பாத்தேன். முடியல. அதான் நேர்ல வரவேண்டியதா போச்சு," என்று தொண்டையைக் கனைத்தார். "நம்ம பக்கம் சொந்தத்துல ஒண்ணு ரெண்டு பேர் என்ன நெனைக்கிறாங்கன்னா..."

நல்ல சேதிக்கு யாரும் இப்படிக் கனைக்க மாட்டார்கள். சமையல்கட்டு வாசலில் நின்ற வினோதினியின் முகம் வாடியதைக் காசிலிங்கம் பார்த்தார். அடுத்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் அப்புறம் அதை உள்ளே போட முடியாது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், கையில் இருந்த போனை அர்ச்சுனன் கையில் திணித்தார்.

"சொந்தக்காரங்க கெடக்கட்டும்யா. டிபார்ட்மெண்டு ஆளு நீங்க. இதை ஒரு பார்வை பாத்துடுங்க."

அர்ச்சுனன் திரையைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். சொல்ல வந்தது அவருக்கு மறந்துபோனது.

"என்னய்யா இது, எழுத்து தலையில ரெண்டு புள்ளி?"

"அதைத்தாங்க நானும் காலையிலேர்ந்து கேக்கறேன்."

பத்து நிமிஷத்தில் அர்ச்சுனனின் சட்டை ஆணியில் தொங்கியது. பனியனோடு ஏணியில் ஏறி, வெளியே வந்த வயரை ஜாயிண்ட்டு ஜாயிண்ட்டாகப் பார்த்தார். லைன் தங்கமாக இருந்தது. பேஸும் நன்றாகவே இருந்தது. போன் மட்டும் ஒட்டமாட்டேன் என்றது. "உன்னை விடறதா இல்ல," என்று அதனிடமே சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காசிலிங்கம் எதிரே உட்கார்ந்தார். வயசான இரண்டு பேர் ஒரு போனை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டு, ஒருத்தர் சொன்னதற்கு இன்னொருத்தர் தலையாட்டிக்கொண்டு இருந்த அழகை விஜயலட்சுமி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு புருஷனுக்குப் பசிக்குமே என்று, நெத்திலிக் குழம்பு ஊற்றி ஒரு தட்டு சோறு கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரம் வேறு கணக்கு. சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அர்ச்சுனன் இடது கையால் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை அது பாட்டுக்குத் தட்டுக்குப் போய், பிசைந்து, வாய்க்கு வந்தது.

காசிலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார். விஜயலட்சுமி சத்தமே வராமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். வினோதினி கதவைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது வாய்க்கு அர்ச்சுனன் பேசினார்.

"குழம்புல உப்பு கம்மி. மரக்காணத்துல உக்காந்துகிட்டு..."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். குழம்பு முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. தட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவருடைய பெரிய மனசையும் சொல்லத்தான் வேண்டும். எழுந்து கை கழுவிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"நனைச்சது நனைச்சாச்சு," என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு வைம்மா, வினோதினி."

அவள் சோற்றுச் சட்டியையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். காசிலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அர்ச்சுனன் ஏப்பம் விடுகிற நேரத்துக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அவருடைய மனைவி லட்சுமியம்மாள் துணிப்பையோடு இறங்கி வந்தார். புருஷனின் கையைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் விஜயலட்சுமியிடம் மெதுவாகக் கேட்டார்.

"சாப்ட்டாரா?"

"ரெண்டாவது வாட்டியும் வாங்கி சாப்ட்டாருங்க."

லட்சுமியம்மாள் தலையாட்டிவிட்டு, துணிப்பையிலிருந்து அச்சாக அதே மாதிரி இன்னொரு கார்ட்லெஸ் போனை எடுத்துப் பேஸில் வைத்தார். உடனே அது கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துப் பேஸோடு ஒட்டிக்கொண்டது.

"இதுதாம்மா உங்க போனு, பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாள் குடைய மறந்துட்டேன்னு திரும்பி வந்தப்ப நான்தான் எங்களுதை வெச்சிட்டு இதை எடுத்துட்டுப் போனேன், ஏன்னா வந்த சம்பந்தத்தையெல்லாம் போன்லயே வேணாம்னு சொல்லிடற மனுஷன், நேர்ல வந்தா சோத்தைப் பாத்துட்டு எங்க சொல்லப் போறாரு?"